மினுக்கியின் சிரிப்பு

அவன்: பூட்டைத் தின்னுற பேரரசன் எங்க, பொய் சொன்னா மினுக்குற பூச்சி எங்க... இதுக்கெல்லாம் எதுக்கு ஓட்டெடுப்பு?

அவள்: பூச்சின்னு சொல்லாதீங்க.

அவன்: கைக்குள்ள அடங்குது. றெக்கை இருக்கு. இருட்டுல மினுக்குது. வேற என்னன்னு சொல்றது?

அவள்: வேற்றுக்கிரகவாசின்னு சொல்லுங்க. உங்க டமாரம் வந்த அதே விண்கலத்துலதான் மினுக்கியும் வந்துச்சு. சொல்லப்போனா அதுதான் ஓட்டிக்கிட்டு வந்துச்சு. உங்க ஆளு பின்னாடி குறட்டை விட்டுக்கிட்டு வந்தாரு.

அவன்: ராஜா தானே வண்டி ஓட்டுவாரா?

அவள்: ராஜாவாம். மூணு கண்ணு, அதுல ஒண்ணு எப்பவும் தூக்கம். பூமியைப் பிடிக்கப் போறேன்னு வந்துட்டு, சமையல்கட்டுல குழாய் சொட்டுச்சுன்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குறாரு.

அவன்: அவன் கிரகத்துல தண்ணியே கிடையாது. பழக்கமில்லாததைப் பார்த்தா பயம் வராதா?

அவள்: ஆறு வருஷமாவா?

அவன்: சிலதெல்லாம் ஆறு வருஷம் ஆனாலும் பழகாது.

அவள்: ...ஆரம்பிச்சுட்டீங்களா.

இன்ஜினியர்: அண்ணா, அண்ணி... சாரி, அக்கா. மைக் ஓப்பன்லதான் இருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேக்குது.

அவன்: கேக்கட்டும்டா. நீயே சொல்லு. இந்தக் கார்ட்டூனுக்கு ஆறு வருஷமா எங்க ரெண்டு பேர் குரலையும் பதிவு பண்றவன் நீ. யாரு பெரிய ஆளு? நான் பேசுற டமாரமா, இவ பேசுற மினுக்கியா?

இன்ஜினியர்: மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. என்னை விட்டுடுங்கண்ணா.

அவள்: சும்மா சொல்லு தம்பி. உன் வீட்ல யாருக்கு ஓட்டு?

இன்ஜினியர்: பையன் டமாரம்க்கா. போன வாரம் சைக்கிள் பூட்டை வாயில வெச்சுக் கடிச்சுப் பார்த்தான். பொண்டாட்டி மினுக்கி. நான் யாரு முன்னாடி நிக்கிறாங்களோ அவங்க கட்சி.

அவன்: பொழைச்சுக்குவே.

இன்ஜினியர்: சரி, வேலையைப் பார்ப்போமா? யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க பூமியிலயே தங்கிடுவாங்க. தோத்தவங்க கிரகத்துக்குத் திரும்பிடுவாங்க. எண்ணி முடிச்சதும் சேனல்ல இருந்து போன் பண்றேன்னாங்க. அதுக்குள்ள நாம ரெண்டு முடிவையும் பேசி வெச்சுடணும். முதல்ல மினுக்கி போறது.

அவள்: முதல்ல நான்தான் போகணுமா?

அவன்: உனக்குத்தானே போய்ப் பழக்கம்.

இன்ஜினியர்: ...டேக் போலாமா அண்ணா?

அவள்: போலாம் தம்பி. அவரு அப்படித்தான்.

இன்ஜினியர்: ரோலிங்.

அவள்: "டமாரம், நான் கெளம்பறேன். எனக்கு அழுகையே வரல."

இன்ஜினியர்: அக்கா, ஒரு சின்ன விஷயம். படத்துல அந்த இடத்துல மினுக்கி பளிச்சுனு எரியுது. பொய் சொல்லுதுன்னு அர்த்தம். நீங்க நிஜமாவே அழுகை வராத மாதிரி சொல்லிட்டீங்க.

அவன்: அவளுக்கு அப்படித்தான்டா வரும். வாசல்ல பெட்டியோட நின்னு சொன்னப்பவும் இதே சுருதிதான். நான் நேர்ல கேட்டவன்.

அவள்: இன்னொரு டேக் போலாம் தம்பி.

இன்ஜினியர்: ரோலிங்.

அவள்: "டமாரம்... நான் கெளம்பறேன். எனக்கு... அழுகையே வரல."

இன்ஜினியர்: ...இது போதும்க்கா. இதுக்கு மேல வேண்டாம். அடுத்து சிரிப்பு. அழுகையை மறைக்க ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு விண்கலத்துல ஏறுது.

அவள்: "க்கிக்கிக்கிக்கி."

இன்ஜினியர்: இதான். இதுக்குத்தான் உங்களை ரயில் ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க. இந்தக் கடைசிப் பாகத்துக்கு வேற மூணு பேரை வெச்சுப் பார்த்தாங்கக்கா. குரல் எல்லாம் கிட்டத்தட்ட வந்துடுச்சு. சிரிப்புதான் வரல. எல்லாரும் சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குறாங்க. நீங்க மட்டும்தான் மூச்சே இல்லாம நேரா சிரிப்புக்குள்ள குதிக்கிறீங்க.

அவன்: இது என்ன பெரிய வித்தையா? "க்கிக்கிக்கிக்கி."

இன்ஜினியர்: அண்ணா... இதை எப்பக் கத்துக்கிட்டீங்க? அசல் அதே மாதிரி இருக்கு. மூச்சு மட்டும் முன்னாடி வந்துடுச்சு. நான் ஹெட்போன்ல கேக்குறதால தெரியுது.

அவள்: நல்லாத்தான் பண்றீங்க. நிறைய பழக்கம் போல.

அவன்: ...ஆறு வருஷம் பக்கத்துல நின்னேன்ல. ஒட்டிக்கும்.

அவள்: ஒட்டிக்கும், ஒட்டிக்கும்.

இன்ஜினியர்: கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கோங்க. உள்ளே வெந்துபோயிடுவீங்க, ஏசி போடுறேன். மைக்கையும் மூடிட்டேன். நீங்க சண்டையைத் தொடரலாம்.

அவன்: போயிட்டானா?

அவள்: போயிட்டான். பாவம், என்னை அண்ணின்னு கூப்பிடுறதா அக்கான்னு கூப்பிடுறதான்னு காலையில இருந்து தடுமாறுறான்.

அவன்: எனக்கே தெரியல, அவனுக்கு எப்படித் தெரியும்? ...தண்ணி வேணுமா?

அவள்: இருக்கு.

அவன்: வெந்நீரா? இல்லன்னா உனக்குத் தொண்டை கட்டிக்கும்.

அவள்: வெந்நீர்தான்.

அவன்: ம்... நேத்து குட்டியைப் பார்த்தியாமே.

அவள்: உங்க அக்கா பார்க்குக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஊஞ்சல்ல உக்காந்துக்கிட்டு முதல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டா. அப்புறம் பேசினா.

அவன்: அம்மான்னு கூப்பிட்டாளா?

அவள்: கூப்பிட்டா. ஏழு மாசத்துக்கு அப்புறம்.

அவன்: ...கேட்டியா? உங்கூட வர்றாளா, இங்கயே இருக்காளான்னு?

அவள்: கேட்டேன்.

அவன்: என்ன சொன்னா?

அவள்: டப்பிங் முடியட்டும்.

அவன்: இப்பச் சொன்னா என்ன?

அவள்: இப்பச் சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் குரல் உடைஞ்சிடும். உங்க முடிவு இன்னும் பேசல. உடைஞ்ச குரல்ல டமாரம் பேசினா அந்தப் பையன் வேலைக்குத்தான் ஆபத்து.

அவன்: நீயா சொல்லலன்னா நான் வீட்டுக்குப் போய் அவகிட்டயே கேட்டுக்குறேன்.

அவள்: கேக்க மாட்டீங்க. கேக்குற ஆளா இருந்தா நேத்து ராத்திரியே கேட்டிருப்பீங்க. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டீங்கல்ல?

அவன்: ...டமாரத்தை விடவே மாட்டியா?

அவள்: நீங்க மினுக்கியை விட்டீங்களா?

அவன்: சரி, நியாயமாவே பேசுவோம். டமாரம் பூட்டைத் தின்னுறான். அவன் இருக்கிற வீட்ல எந்தக் கதவும் பூட்டியிருக்காது. யாரு வேணும்னாலும் வரலாம், போகலாம். அந்த மனசு யாருக்கு வரும்? வகுப்புல ஒரு பையன் மாட்டிக்கிட்டப்போ, இரும்புக் கதவுப் பூட்டைக் கடிச்சு ரெண்டு பல்லு போச்சே, ஞாபகம் இருக்கா?

அவள்: நல்லா இருக்கு. நான் போன மறுவாரம் நம்ம வீட்டு வாசப்பூட்டை மாத்தினது எந்த டமாரம்?

அவன்: ...அது பழசு. துருப்பிடிச்சிருந்துச்சு.

அவள்: எங்கிட்ட இருக்கிற சாவியில துரு இல்லையே. இன்னும் பைக்குள்ளதான் வெச்சிருக்கேன், எதுக்குன்னுதான் தெரியல.

அவன்: உன் மினுக்கி மட்டும் யோக்கியமா? பொய் சொன்னா மினுக்கும், அதனால பொய்யே சொல்லாதுன்னு ஊரெல்லாம் கொண்டாடுது. 'பயிற்சிக்குத்தான் போறேன், முடிஞ்சதும் வந்துடுவேன்'னு சொல்லிட்டுப் போனியே. அப்ப உன் மேல ஒரு வெளிச்சத்தையும் காணோமே.

அவள்: போறப்போ அது பொய் இல்ல.

அவன்: அப்புறம் எப்பப் பொய்யாச்சு?

அவள்: அங்க போனதும் என்னை வாத்தியார் ஆக்கிட்டாங்க. போன்ல பேசுற வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்ற வேலை. நான் சொன்னதை ஒரு கூட்டமே உக்காந்து கேட்டுச்சு. வீட்ல நான் பேசினா டிவி சத்தத்தைக் கூட்டுவீங்க.

அவன்: அது கிரிக்கெட்.

அவள்: எப்பவும் கிரிக்கெட்.

அவன்: ...கரண்ட் போன கதை நல்லா இருந்துச்சு. அதை ஒத்துக்கிறேன்.

அவள்: எது?

அவன்: ஊர் முழுக்கக் கரண்ட் போயிடும். ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் வேணும்னு மினுக்கி விடிய விடிய பொய்யாச் சொல்லிக்கிட்டே இருக்கும். 'எனக்குப் பசிக்கல, எனக்குத் தூக்கம் வரல, எனக்கு யாரையும் தேடல...' குட்டி அதைப் பார்த்துட்டு அழுதா.

அவள்: எனக்குத் தெரியாதே. எப்ப?

அவன்: நீ இல்லாதப்பத்தான். பழசையே திருப்பித் திருப்பிப் போட்டாங்கல்ல.

இன்ஜினியர்: வந்துட்டேன். ஏசியை நிறுத்திட்டேன். இப்ப டமாரம் போற முடிவு. அண்ணா, ஒரே ஒரு வசனம்தான். அதட்டலா ஆரம்பிச்சு, கடைசியில கொஞ்சம் இறங்கணும். ரோலிங்.

அவன்: "ஏய் மினுக்கி. இனிமே இந்த வீட்டுக்குப் பூட்டு வாங்கி வெச்சுக்கோங்க. தின்ன ஆளில்..."

இன்ஜினியர்: என்னாச்சுண்ணா?

அவன்: ஒண்ணுமில்ல. எச்சி முழுங்கிட்டேன். திரும்பப் போலாம்.

இன்ஜினியர்: ரோலிங்.

அவன்: "ஏய் மினுக்கி. இனிமே இந்த வீட்டுக்குப் பூட்டு... வாங்கி..."

இன்ஜினியர்: அண்ணா, இடிமுழக்கம் மாதிரி இருக்க வேண்டிய ஆளு. பாதி வசனத்துலயே இறங்கிடுறீங்க.

அவள்: அவருக்கு வெந்நீர் குடு தம்பி. இந்தாங்க, இதைக் குடிங்க.

அவன்: வேண்டாம்.

அவள்: குடிங்க. எச்சில்தான். புதுசா என்ன.

இன்ஜினியர்: சேனல்ல இருந்து போன் வருது. எண்ணிட்டாங்க போல. பேசிட்டு வந்துடுறேன். மைக்கை மூடிட்டேன்.

அவன்: ...நீதான் ஜெயிப்பே.

அவள்: கார்ட்டூன்லயா?

அவன்: ரெண்டுலயும். முகத்துலயே எழுதியிருக்கே. தினமும் கார்ட்டூன் முடிஞ்சதும் மினுக்கி போன் பண்ணுது, குட்டி விழுந்து விழுந்து சிரிக்குறா, ஸ்கூல் கதையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிக்கிறா. எங்க அக்கா சொல்லியிருப்பாங்களே.

அவள்: நேத்து சொன்னாங்க. 'அம்மா பேசினா போனை வெச்சிடுறா, மினுக்கின்னா மட்டும் பேசுறா. நீயும் அதுக்குச் சளைக்காம ஒரு நாள்கூட விடாம மினுக்கியாவே கூப்பிட்டியேம்மா'ன்னு கண் கலங்கினாங்க.

அவன்: நீ என்ன சொன்னே?

அவள்: ஒண்ணும் சொல்லல.

அவன்: அதான். கூசவே இல்ல பாரு உனக்கு. செய்யாததுக்குப் பேரு வாங்கி மடியில கட்டிக்கிட்டு நிக்கிறே.

அவள்: செய்யாததுக்கா?

அவன்: இனிமே என்னால முடியாது. சொல்லிடறேன். அந்த மினுக்கி நீ இல்ல. நான்.

அவள்: ம்.

அவன்: ஏழு மாசமா நான்தான். பால் வாங்கிட்டு வரேன்னு அக்காகிட்ட சொல்லிட்டு மொட்டைமாடிக்குப் போவேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என் மொபைல்ல இருந்து வீட்டு போனுக்கு அடிப்பேன். 'குட்டி, நான் மினுக்கி பேசறேன்.' பேசிட்டு வெறுங்கையோட இறங்கி வருவேன். பால் எங்கடான்னு அக்கா திட்டுவாங்க. குட்டி ஓடி வந்து, 'அப்பா, இன்னைக்கு மினுக்கி என்ன சொல்லிச்சு தெரியுமா'ன்னு எங்கிட்டயே சொல்லுவா. நானும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பேன். அதனால அவ உங்கூட வர்றேன்னு சொல்லியிருந்தா... அது உனக்கு விழுந்த ஓட்டு இல்ல. எனக்கு விழுந்தது.

அவள்: எப்ப ஆரம்பிச்சீங்க?

அவன்: எப்பவா? முதல் வாரம் நீயே மினுக்கியா ஒழுங்காக் கூப்பிட்டே. அப்புறம் ரெண்டு நாள் ஆளைக் காணோம்.

அவள்: அந்த ரெண்டு நாள் மட்டும் சாயங்கால ஷிஃப்ட் போட்டுட்டாங்க. வகுப்புக்குள்ள போனை எடுக்க விடல.

அவன்: முதல் நாள் அவ போன் பக்கத்துலயே தட்டோட உக்காந்திருந்தா. சோத்தைப் பிசையக்கூட இல்ல. ரெண்டாம் நாள் என்னால பார்க்க முடியல. மாடிக்குப் போயிட்டேன்.

அவள்: மூணாம் நாள்?

அவன்: மூணாம் நாளும்தான்.

அவள்: மூணாம் நாள் நான் கூப்பிடுறேனான்னு பார்த்தீங்களா?

அவன்: எதைப் பார்க்கச் சொல்றே? நீ கூப்பிடலன்னா அவ மறுபடி தட்டோட உக்காந்திருப்பா, அதையா? கார்ட்டூன் கடைசியில வர்ற பாட்டு முடியறதுக்குள்ளயே அடிச்சிடுவேன்.

அவள்: நான் பாட்டு முழுசா முடியட்டும்னு காத்திருப்பேன்.

அவன்: என்ன?

அவள்: அவளுக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். எழுந்து ஆடுவா. நடுவுல போன் அடிச்சாக் கெட்டுடுமேன்னு, அங்க என் ரூம்ல டிவியைப் போட்டுட்டு, பாட்டு முடிஞ்சதும் அடிப்பேன். பிஸின்னு வரும். கொஞ்சம் விட்டு அடிப்பேன். பிஸி. மறுநாள் அடிப்பேன். பிஸி.

அவன்: ...நீ கூப்பிட்டியா?

அவள்: ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சிட்டீங்கன்னு நினைச்சேன். பூட்டை மாத்தின ஆளு, இதையும் செய்வாருன்னு நினைச்சேன்.

அவன்: என் மொபைலுக்கு அடிச்சிருக்கலாம்ல?

அவள்: அடிச்சேன். அதுவும் பிஸி.

அவன்: ...அதுல இருந்துதான் நான்...

அவள்: ஆமா. அதுல இருந்துதான் நீங்க நானாப் பேசிக்கிட்டு இருந்தீங்க.

அவன்: வேற நேரத்துல கூப்பிட்டிருக்கலாமே. காலையில, மத்தியானம்...

அவள்: 'கார்ட்டூன் முடிஞ்சதும் ஒரே ஒரு போன், அதுக்கு மேல வேண்டாம், புள்ள மனசு கலங்குது'ன்னு சொன்னது யாரு? எனக்கும் ரோஷம் இருக்குல்ல. நீங்க கேட்டிருக்கலாமே, ஏன் கூப்பிடலன்னு?

அவன்: எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

அவள்: நல்லா இருக்கு நம்ம ரோஷம். ரெண்டு பேருக்கும் பேசுறதுதான் தொழில். ஒருத்தருக்கொருத்தர் மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கல.

அவன்: ...'உங்க அம்மா உன்னை மறந்துட்டா'ன்னு ஒரு நாள்கூட நான் குட்டிகிட்ட சொன்னதில்ல. அதை மட்டும் தெரிஞ்சுக்கோ.

அவள்: தெரியும். ஏழு மாசமாப் பொய் சொல்லி வீட்டுக்கு வெளிச்சம் போட்டிருக்கீங்க. அந்தக் கரண்ட் போன கதை மாதிரி.

அவன்: கிண்டல் பண்றியா?

அவள்: இல்ல. யாரு பெரிய ஆளுன்னு காலையில இருந்து கேட்டீங்கல்ல. பதில் சொல்றேன்.

இன்ஜினியர்: அண்ணா, அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு. மினுக்கிதான். டமாரம் கிட்டக்கூட வரலையாம்ண்ணா, மன்னிச்சுக்கோங்க. மினுக்கி பூமியிலயே தங்கிடுது, டமாரம் கெளம்பணும். அந்த ஒரு வசனம் மட்டும் எடுத்துட்டா முடிஞ்சுது. ...ரெண்டு பேரும் ஏன் இப்படி நிக்கிறீங்க?

அவள்: ஒண்ணுமில்ல தம்பி. அஞ்சு நிமிஷம் குடு. மைக்கை மூடிடு.

இன்ஜினியர்: சரி... அக்கா.

அவன்: சந்தோஷமா? ஊரே உன் பக்கம்.

அவள்: ம். மினுக்கி இங்கயே தங்கிடுது. நான் நாளைக்குக் காலையில ரயில் ஏறுறேன்.

அவன்: திரும்பிப் போக குட்டிக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட்னு சொல்லிட்டு வந்தியே.

அவள்: ஒண்ணை நேத்தே ரத்து பண்ணிட்டேன்.

அவன்: ...அப்ப, நேத்தே உனக்கு எல்லாம் தெரியுமா?

அவள்: குட்டிதான் சொன்னா. உங்க போன்தான்னு அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். 'நீ மூச்சு இழுக்க மாட்டே, அப்பா இழுத்துட்டுச் சிரிச்சாரு'ன்னா.

அவன்: முதல் நாளேவா? அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

அவள்: சொன்னா நீங்க நிறுத்திடுவீங்களாம்.

அவன்: ...உங்கூட வர்றியான்னு கேட்டதுக்கு என்ன சொன்னா?

அவள்: 'எனக்கு உங்கூட வரணும்னு ஆசையா இருக்கும்மா. ஆனா நானும் வந்துட்டா, கார்ட்டூன் முடிஞ்சதும் அப்பா யாருக்குப் போன் பண்ணுவாரு?'ன்னு கேட்டா.